பத்தொன்பது பேருக்கு ஒரு கோழி

இந்த ஞாயிற்றுக்கிழமையும் சோறு மிஞ்சிவிட்டது.

ராமதாஸ் பானையைத் தூக்கி, அடியில் கிடந்ததை எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்துக் காட்டினார். நான்கு பிள்ளைகள், மருமகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவரையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். சமைத்தது ஒரே ஒரு கோழி. அதிலும் ஒரு கால் தொடப்படாமல் சட்டியில் கிடந்தது.

"யாருக்குலா இன்னும் வேணும்? வெக்கப்படாம கேளுங்க."

"போதும்பா. வயிறு ஃபுல்லு," என்றான் மூத்தவன் யோகேந்திரன். நிபோங் திபாலிலிருந்து பாலம் தாண்டித் தீவுக்கு வருகிறவன். ஆள் தாட்டியானவன். இரண்டு கரண்டிச் சோற்றோடு கையை எடுத்துவிட்டான்.

"காமினி, உனக்கு?"

"ஐயோ, மூச்சு முட்டுதுப்பா," என்றாள் பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த மூத்த மகள்.

அவளுடைய மகன் ஷர்வின் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டான். காமினி அவன் தொடையில் கிள்ளினாள். ராமதாஸ் அவளைத் தடுத்தார்.

"விடும்மா. நல்லாச் சாப்பிட்ட புள்ள ஏப்பம் விடத்தான் செய்யும். அடுத்த வாரம் ஒரு டின் அரிசியக் கொறைச்சிற வேண்டியதுதான்."

டின் என்றால் பால் டின். காலி டின்னைக் கழுவி, விளிம்பைத் தட்டி மழுங்க வைத்து, அரிசிச் சாக்கில் போட்டு வைத்திருந்தார். ஓய்வு பெறும்வரை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர். கையெழுத்தில்லாமல் ஒரு திருகாணி அவரைத் தாண்டி வெளியே போனதில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவரப் பார்த்தார். ஆனால் வீட்டு ஸ்டோர் மனைவி வள்ளியம்மாவின் கையில் இருந்தது.

வள்ளியம்மா எதையும் அளந்ததில்லை. சாக்கில் கையை விட்டு அள்ளுவார், ஒரு கணம் யோசிப்பார், இன்னொரு முறை அள்ளுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்று கோழி. குழம்பு வைக்க ஒரு குண்டான், அதில் ஷர்வினை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம்.

"ஏன்டி, பட்டாளத்துக்கா ஆக்குற?" என்று ராமதாஸ் வாரம் தவறாமல் கத்துவார்.

"வர்றவங்க சாப்பிடட்டுமே," என்பார் வள்ளியம்மா.

வள்ளியம்மா நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் ராமதாஸ் முதல்முறையாக அடுப்பைப் பற்றவைத்தார். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. அவர் அரிசியைப் பாதியாகக் குறைத்தார். மிஞ்சியது. கோழியை இரண்டாக்கினார். மிஞ்சியது. ஒன்றாக்கினார். அப்போதும் மிஞ்சியது. வள்ளியம்மா வீடு திரும்பவே இல்லை. அழுது முடித்த வீட்டில், மறுபடி வந்த ஞாயிற்றுக்கிழமைகளில், ராமதாஸ் ஒரு முடிவுக்கு வந்தார்: இத்தனை வருஷமும் தான் சொன்னதுதான் சரி.

அவருடைய முறை எளிமையானது. கோழியைத் தீப்பெட்டி அளவுக்கு நறுக்குவார். அதோடு உருளைக்கிழங்கு நிறைய, முட்டைக்கோஸ் நிறைய. கோழி சும்மா வாசனைக்கு. சோறு போடும் முன்னால் ஆளுக்கு ஒரு குவளை கெட்டிப் பருப்பைக் குடிக்கக் கொடுப்பார். "வயித்துக்கு அஸ்திவாரம்," என்பார். அதற்குப் பிறகு யாராலும் இரண்டு கரண்டிக்கு மேல் சாப்பிட முடிவதில்லை. தன் கண்டுபிடிப்பை அவர் பஸ் நிறுத்தத்திலும் பாசாரிலும் கோயிலிலும் சொல்லாத ஆளில்லை.

சட்டியை மூடிக்கொண்டே அன்றும் சொன்னார்.

"உங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் மூணு கோழி. அவ்ளோவும் வேஸ்ட்டு. நல்லவதான், ஆனா ஓட்டைக் கை. எத்தன வருஷமா எவ்ளோ அரிசி, எவ்ளோ எண்ணெய்..."

யோகேந்திரன் சுவரைப் பார்த்தான். காமினியின் முகம் சுருங்கியது.

"அம்மாவ விட்டுருங்கப்பா," என்றாள்.

"குத்தம் சொல்லலம்மா. கணக்கச் சொல்றேன்."

காமினி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். பேச்சை மாற்ற நினைத்த யோகேந்திரன், மாற்றிய இடத்தில்தான் தவறு செய்தான்.

"அடுத்த மாசம் அம்மாவோட முதல் வருஷத் திதி வருதுப்பா. கோயில்ல அன்னிக்கு அன்னதானம் நம்ம கட்டளைன்னு சொல்லி வெச்சிருக்கேன். கேட்டரிங் ஆளப் பேசிறட்டுமா?"

"கேட்டரிங்கா? எதுக்குலா?"

"நூத்தம்பது பேரு வருவாங்கப்பா."

"வரட்டும். நான் ஆக்குறேன்."

பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். பச்சைக் குழந்தைகூட நிமிர்ந்தது.

"அப்பா, உங்களுக்கு முடியாது. இடுப்பு வலி இருக்கு," என்றாள் காமினி.

"இடுப்பாலயா ஆக்கப் போறேன்? கையாலதானே."

"சாப்பாடு நல்லாத்தான் இருக்குப்பா," என்று இழுத்தான் யோகேந்திரன். "ஆனா..."

"ஆனா என்னா? பத்தலயா?"

"இல்ல இல்ல. ரொம்ப... வயிறு நெறைஞ்சிருது."

"அப்புறம் என்னா? அன்னதானத்துல வயிறு நெறையக் கூடாதா?"

வாரா வாரம் பிள்ளைகள் தங்கள் வாயாலேயே சொன்னதை இப்போது எப்படித் திரும்ப வாங்குவது? ராமதாஸ் பாத்திரம் கழுவப் போனபோது, வாசல் காரிடாரில் நான்கு பிள்ளைகளும் கூடி நின்று கிசுகிசுப்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தார். "நீ சொல்லு," என்று ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் யாரும் உள்ளே வரவில்லை. செலவை யார் ஏற்பது என்று சண்டை போடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பாசமுள்ள பிள்ளைகள் என்று மனம் குளிர்ந்தது.

நூற்றைம்பது பேர் என்றால் எட்டுக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை அளவை எட்டால் பெருக்கினால் முடிந்தது. கோயில் என்பதால் கோழி கிடையாது. அவருடைய கோழிக் குழம்பில் கோழியை எடுத்துவிட்டால் பெரிய மாறுதல் ஒன்றும் இல்லை. சாம்பார் என்று பெயரை மாற்றினால் போதும்.

கோயில் செயலாளர் ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்டார்.

"அண்ணே, வழக்கமா நாங்க இதப்போல ரெண்டு பங்கு அரிசி போடுவோம்."

"போடுவீங்க. அதான் வேஸ்ட்டு. என் வீட்டுல பத்தொன்பது பேருக்கு ஒரு கோழில ஒரு கால் மிஞ்சுது, தெரியுமா?"

"கேள்விப்பட்டேண்ணே. ஊரே சொல்லுது," என்றார் செயலாளர். சொன்னது ராமதாஸ்தான் என்பதை அவர் சேர்த்துச் சொல்லவில்லை.

திதியன்று காலை யோகேந்திரனின் கெரேத்தாவிலிருந்து காய்கறியை இறக்கும்போது, பின் சீட்டில் ஒரு துண்டால் மூடி ஒரு மூட்டை அரிசி இருப்பதை ராமதாஸ் பார்த்துவிட்டார்.

"இது என்னா?"

"அது... வீட்டுக்கு வாங்கினதுப்பா."

"வீட்டுக்கு வாங்கினா வீட்டுக்குக் கொண்டு போ. கோயில் வாசல்ல வெச்சிருந்தா யாராச்சும் தூக்கி ஒலைல போட்டுருவாங்க."

"அப்புறமா போறேன்பா."

"இப்பப் போலா. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

நின்றார். யோகேந்திரன் அரிசியோடு பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலுக்குப் போய்ச் சேர வேண்டியதாயிற்று. இருந்த ஒரே மாற்று ஏற்பாட்டை இப்படித் தீவை விட்டே துரத்திவிட்டு ராமதாஸ் அடுப்பைப் பற்றவைத்தார்.

சிறிது நேரத்தில் காமினி பிடிபட்டாள். அப்பா திரும்பி நின்று புளி கரைத்துக்கொண்டிருந்தபோது ஊறிய அரிசியில் இன்னும் இரண்டு டின்னைக் கொட்டிவிட்டாள். டின் அண்டாவில் தட்டிய சத்தம் அவர் காதில் விழுந்தது. ஸ்டோர் கீப்பர் காது.

"எத்தன போட்ட?"

"ரெண்டுதாம்பா."

"உண்மையச் சொல்லு."

"ரெண்டுதான்!"

அவர் நம்பவில்லை. பாதுகாப்பாக நான்கு டின்னை எடுத்துவிட்டார். காமினி தலையில் கை வைத்துக்கொண்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

உச்சிப் பூஜை முடிந்தது. வள்ளியம்மாவின் படத்துக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். கூட்டம் ராமதாஸ் நினைத்ததை விட அதிகம். கோயிலுக்கு வழக்கமாக வருகிறவர்களோடு, வள்ளியம்மாவைத் தெரிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். வள்ளியம்மா வேலைக்குப் போன காலத்தில் அவரோடு தொழிற்சாலை பஸ்ஸில் போனவர்கள், பழைய வீட்டுப் பக்கத்து ஆட்கள், படகேறி வந்தவர்கள். ஒவ்வொருவரும் ராமதாஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "அக்கா கையால எத்தன தடவ சாப்பிட்டிருக்கேன்ணே." அவருக்குப் பெருமையாக இருந்தது. எட்டுக் குடும்பக் கணக்கு உள்ளே லேசாக இடித்தாலும், பருப்பு பார்த்துக்கொள்ளும் என்று தைரியமாக இருந்தார்.

முதல் பந்தி உட்கார்ந்தது. ஆளுக்கு ஒரு குவளைப் பருப்பு போனது. எல்லோரும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

"சூப்பு நல்லாருக்குண்ணே. பசியக் கெளப்பி விட்டுருச்சு. சோறு வரட்டும்."

சோறு வந்தது. வீட்டில் இரண்டாவது கரண்டி இலைக்கு வருமுன்பே கைகள் குறுக்கே வந்து மறித்துவிடும். இங்கே ஒரு கையும் மறிக்கவில்லை. இரண்டாவது கரண்டியை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவதற்கு இலையை முன்னால் தள்ளினார்கள். ஒரு பெரியவர் நான்காவதற்கு, "இங்கிட்டும் கொஞ்சம்," என்றார். ராமதாஸ் கரண்டியோடு நின்று, அவர் கை எப்போது குறுக்கே வரும் என்று பார்த்தார். அந்தக் கை அப்பளத்தை நொறுக்குவதில் மும்முரமாக இருந்தது.

முதல் பந்தி எழுந்தபோது அண்டாவில் பாதிக்கு மேல் காலி.

"இவங்கல்லாம் காலைல பசியாறல போல," என்றார் மகளிடம்.

"அப்பா, இப்பயாச்சும் கேட்டரிங்குக்கு ஃபோன் அடிச்சுப் பாக்கட்டுமா?"

"வேணாம். நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்ட விதம் இது. முதலில் சாம்பாரில் ஒரு வாளி வெந்நீரை ஊற்றினார். அளவு கூடியது. ஆனால் சாம்பார் இலையில் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. ஓடுவதைத் தடுக்க, இரண்டாம் பந்தியில் ஆளாளுக்கு இன்னொரு கரண்டிச் சோறு கேட்டு அணை கட்டினார்கள். சோறு இன்னும் வேகமாகக் குறைந்தது.

சாம்பாரைக் கெட்டியாக்க வேண்டும் என்று கோயில் ஸ்டோரைத் துழாவினார். மாவு இல்லை. மறுநாள் காலை பூஜைக்கு வைத்திருந்த பீகூன் சேமியா பாக்கெட்டுகள் இருந்தன. அரிசியில் செய்ததுதானே, சோற்றுக்கும் ஈடாகும், குழம்புக்கும் ஈடாகும் என்று நொறுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. மூடியை எடுத்துப் பார்த்தால் சாம்பாரைக் காணவில்லை. பீகூன் அத்தனையையும் குடித்துவிட்டு உப்பி உட்கார்ந்திருந்தது. அதை இளக்க, இருந்த ரசம் முழுவதையும் ஊற்றினார். பீகூன் ரசத்தையும் குடித்தது. இப்போது ரசமும் இல்லை. கரண்டியை உள்ளே விட்டார். கரண்டி நின்றது. கையை எடுத்தார். அப்போதும் நின்றது.

"இத எப்டிப்பா பரிமாறுறது?" என்றாள் காமினி.

"கத்தி இருக்கா?" என்றார் ராமதாஸ்.

மூன்றாம் பந்தி அதற்குள் உட்கார்ந்துவிட்டது. இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வைத்தாயிற்று. அதற்கு மேல் வைக்க ஒன்றும் இல்லை. ஐம்பது அறுபது பேர் காத்திருந்தார்கள். முதல் இரண்டு பந்தியையும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தவர்கள் வள்ளியம்மாவைத் தெரிந்தவர்கள்தான்.

ராமதாஸ் வெறும் கரண்டியோடு அவர்கள் முன்னால் வந்து நின்றார். மாலை போட்ட படத்தில் வள்ளியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். ராமதாஸால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

வரிசையின் நடுவிலிருந்து, வள்ளியம்மாவோடு வேலை பார்த்த ஒரு பெண்மணி அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"பரவால்லண்ணே. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. அக்கா வீட்டுல நாங்க சாப்பிட்டதே இன்னும் வயித்துல இருக்கு."

ஆறுதலாகத்தான் சொன்னார். ராமதாஸின் கண் நிறைந்துவிட்டது. வள்ளியம்மா இருந்தவரையில் அந்த வீட்டில் வெறும் இலையைப் பார்த்து யாரும் எழுந்ததில்லை. அவர் பெயரைச் சொல்லிப் போட்ட முதல் அன்னதானத்திலேயே அது நடக்கப் போகிறது. வாரா வாரம் அந்தக் குண்டானைப் பார்த்துக் கத்தியது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. படுக்கையில் கிடந்தபோதும் வள்ளியம்மா, "புள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்றுதான் கேட்டார். "சாப்பிட்டு மிஞ்சவும் மிஞ்சுச்சு, நீதான் இத்தன வருஷமா வீணடிச்சிருக்க," என்று அந்த நிலையிலும் அவரிடம் சொல்லிக்காட்டியிருக்கிறாரே! அதற்கும் வள்ளியம்மா சிரிக்கத்தான் செய்தார்.

"யாரும் எந்திரிக்காதீங்க," என்றார் ராமதாஸ். "தயவு செஞ்சு யாரும் எந்திரிக்காதீங்க. இதோ வந்துர்றேன்."

செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினார். கோயிலுக்கும் அவருடைய அடுக்குமாடிக்கும் நடுவில் கமாலின் நாசி கண்டார் கடை இருந்தது. சோற்றோடு கறியும் மீனும் விற்கிற கடை. ஆனால் வெறும் சோறு வெறும் சோறுதானே என்று எண்ணியபடி, வெயிலில் சுடும் தாரில் துள்ளித் துள்ளிப் போய்ச் சேர்ந்தார்.

கமால் கடைவாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பெரிய சோற்றுத் தொட்டிகள், மூடி போட்ட ஒரு பாத்திரம், ஒரு பொதி அப்பளம்.

"கமாலு, சோறு..."

"இருக்குண்ணே. இது வெறும் சோறு. இது ரொட்டிக்கு வெச்ச பருப்பு, தனிச் சட்டி, கறி கிறி எதுவும் படல. வேனு நிக்கிது, ஏறுங்க."

"நான் வருவேன்னு ஒனக்கு எப்டித் தெரியும்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். பசியோட உக்காந்திருக்காங்கல்ல? ஏறுங்க மொதல்ல."

மூன்றாம் பந்தி சாப்பிட்டது. ராமதாஸ் தன் கையால் பரிமாறினார். டின்னும் இல்லை, கணக்கும் இல்லை. ஒவ்வொரு இலையிலும் கை குறுக்கே வரும்வரை போட்டார். கை வந்த பிறகும் இன்னொரு கரண்டி போட்டார். "போதும்ணே, போதும்ணே," என்று அவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். பீகூன் கட்டியைக் கூடப் பாதிப் பேர் கேட்டு வாங்கினார்கள். கொழுக்கட்டை மாதிரி நன்றாக இருக்கிறதாம்.

எல்லாம் முடிந்தது. யோகேந்திரன் நிபோங் திபாலிலிருந்து வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, தங்கைகளோடு சேர்ந்து அண்டா கழுவிக்கொண்டிருந்தான். ராமதாஸ் காலித் தொட்டிகளை எடுத்துக்கொண்டு கமால் கடைக்குப் போனார்.

கடையில் கூட்டம் இல்லை. கமால் ஒரு தேத்தண்ணி போட்டு அவர் முன்னால் வைத்து, எதிரில் உட்கார்ந்தார். ராமதாஸ் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல கமாலு. அதே கை. அதே அளவு. வீட்டுல மிஞ்சுது, இங்க கடைசிப் பந்திக்கு ஒண்ணுமே இல்ல. ஏன்?"

"கோயில் கூட்டம்ணே. சொல்ல முடியாது."

"இல்ல. நீ முந்தியே எடுத்து வெச்சிருந்த. எனக்குப் பத்தாதுன்னு எனக்கே தெரியல, ஒனக்கு எப்டித் தெரிஞ்சிச்சு?"

கமால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"காமினிதான் ஃபோன் பண்ணிச்சு."

"அவளுக்கு எப்டித் தெரியும்? வாரா வாரம் அவதான் மூச்சு முட்டுதுன்னு சொல்றா."

"அண்ணே," என்று பெருமூச்சு விட்டார் கமால். "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. ஞாயித்துக்கிழம மத்தியானம் அந்த ஓரத்து மேசைங்கள எல்லாம் சேத்துப் போட்டு வெச்சிருப்பேன். ஒங்க புள்ளைங்க, பேரப்புள்ளைங்க எல்லாரும் இங்க வயிறு முட்ட சாப்பிட்டுட்டுத்தான் லிஃப்ட் ஏறுவாங்க."

இரண்டு கரண்டியோடு எடுத்த யோகேந்திரனின் கை, ஷர்வினின் ஏப்பம், பெருமையாகச் சாய்த்துக் காட்டிய பானை எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. காது மடல் சூடாகியது.

"எல்லாருமா?"

"எல்லாரும்ணே. அந்தச் சின்னது மட்டும் பால்."

"என் சமையல் அவ்ளோ மோசமா?"

"சேச்சே. ருசி நல்லாத்தான் இருக்காம். பத்தாதாம்."

"அத மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே! ஒரு வருஷத்துக்கு மேலயா நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டு... செத்தவளப் போயி வீணடிச்சான்னு... அவங்கம்மாவச் சொல்றேனே, அதயும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்களா?" அவருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "யாரு செஞ்ச வேல இது? காமினியா, யோகியா? யாரு ஆரம்பிச்சது?"

கமால் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார்.

"அக்காதாண்ணே. ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தி, நாலு புள்ளைங்களையும் இங்க கூட்டியாந்து உக்கார வெச்சு சொன்னாங்க: 'அவரு அளந்துதான் ஆக்குவாரு, பத்தாது, இங்க நல்லா சாப்பிட்டுட்டு மேல போங்க, போயி அவரு ஆக்குனதுல கொஞ்சம் மிச்சமும் வைங்க, மிஞ்சினாத்தான் அந்த மனுசனுக்குத் தூக்கம் வரும்'னு."